பதனிட்ட தோலும் பிள்ளைகளின் இருதயமும்

ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பது அப்பொருளின் உறுதியை மட்டும் பொறுத்த விடயம் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். வைரமேறிய பனையில் அறுத்த சிலாகை மூன்று தலைமுறைக்கு வீட்டுக் கூரையைத் தாங்கும். இளம்பனையில் அறுத்ததோ சில மாரி காலங்களுக்குள் உளுத்துக் கொட்டிவிடும். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால், ஒரே விலங்கின் ஒரே உறுப்பிலிருந்து, ஒரே தொழிற்சாலையில், ஒரே முறையிற் செய்யப்பட்ட இரண்டு பொருள்களுள் ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உழைக்க, மற்றையது அதன் பாதிக் காலத்திலேயே அழிந்துபோகிறது என்றால், நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியவர்களாகிறோம். மாட்டின் இருதய உறையிலிருந்தும் பன்றியின் இருதயத்திலிருந்தும் செய்யப்படும் செயற்கை வால்வு அத்தகைய ஒரு பொருள். அது முதியவரின் நெஞ்சில் நீண்ட காலம் உழைக்கிறது. இளையவரின் நெஞ்சில் விரைவில் நொறுங்குகிறது. இந்த வேறுபாட்டின் பின்னால் உடற்கூற்று விஞ்ஞானம் இருக்கிறது. அதோடு வறுமையின் வரலாறும் இருக்கிறது.

மனித இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. இருகூர் வால்வு, முக்கூர் வால்வு, இரண்டு அரைமதி வால்வுகள் என நமது பிள்ளைகள் பாடசாலையில் மனனம் செய்வார்கள். குருதி முன்னோக்கிச் செல்லத் திறப்பதும், பின்னோக்கி வராமல் மூடிக்கொள்வதுமே அவற்றின் வேலை. நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் ஓரிலட்சம் தடவை துடிக்கிறது. ஓராண்டில் ஏறக்குறைய 3.7 கோடி தடவை. அத்தனை தடவையும் அந்த மெல்லிய இதழ்கள் திறந்து மூட வேண்டும்.

இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் வாசிப்போரின் வீடுகளுக்குச் சென்றவர்கள், தோல் எவ்வாறு களைத்துப் போகிறது என்பதை அறிவார்கள். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் கையில் இடியென முழங்கிய தவிலாயினும், திருவிழாக் காலம் முடிந்ததும் அதன் வார் தளர்த்தப்படும், தோல் இளைப்பாறும். கிழிந்தாற் புதிய தோல் மூட்டப்படும். இருதயத்தினுள்ளே வைக்கப்பட்ட தோலுக்கோ இளைப்பாறுதல் இல்லை. அதனை மாற்றுவதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டும், அல்லது தொடைக் குருதிக்குழாய் வழியே புதிய வால்வொன்றைச் செலுத்த வேண்டும். இத்தகைய வால்வுகளைப் பரிசோதிப்பதற்கெனச் சர்வதேச நியமம் ஒன்று இருக்கிறது. உலோகம் முதலிய விறைப்பான பொருள்களாற் செய்த வால்வு, பரிசோதனை இயந்திரத்தில் 40 கோடித் தடவை திறந்து மூடித் தாக்குப்பிடிக்க வேண்டும். நெகிழும் இதழ்களையுடைய வால்வுக்கு 20 கோடி போதும். இருபது கோடித் துடிப்பு என்பது ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த வாழ்வு. நியமம் எழுதியவர்களே தோலின் பலவீனத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து புலனாகிறது.

இந்த வால்வுகளின் வரலாறு சுவையானது. 1960இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அல்பேர்ட் ஸ்ரார் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், லோவல் எட்வேர்ட்ஸ் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, கூட்டினுள் பந்து ஏறி இறங்கும் உலோக வால்வொன்றை நோயாளிக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உலோக வால்வு எளிதில் தேயாது. ஆனால் அந்நியமான அப்பொருளின் மீது குருதி உறையத் தொடங்கும். உறைந்த கட்டி மூளைக்குச் சென்றாற் பாரிசவாதம்; வால்விலே அடைத்தால் மரணம். ஆகவே உலோக வால்வு பெற்றவர் ஆயுள் முழுவதும் வோபரின் என்னும் குருதியுறையெதிர் மருந்தை உண்ண வேண்டும். மருந்து கூடினாற் குருதி ஒழுகும், குறைந்தால் உறையும். அடிக்கடி குருதிப் பரிசோதனை வேண்டும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் ஒரு நாள் நிறையத் தின்று மறுநாள் விட்டுவிட்டாற்கூட மருந்தின் கணக்குப் பிழைத்துவிடும்.

இந்தத் தொல்லையிலிருந்து தப்ப வழி தேடியவர்களின் பார்வை உயிருள்ளவற்றின் மீது திரும்பியது. 1962இல் லண்டனில் டொனால்ட் றொஸ், இறந்த மனிதரிடமிருந்து எடுத்த வால்வைப் பொருத்தினார். 1965இல் பரிஸ் நகரில் பினே, கார்ப்பந்தியே என்போர் பன்றியின் வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். ஆனால் அக்காலத்தில் கையாளப்பட்ட பாதுகாப்பு முறைகளால் விலங்கின் இழையம் நெடுநாள் நிலைக்கவில்லை. மனித உடல் அதனை அந்நியமென்று கண்டு தாக்கியது. 1968 அளவில் கார்ப்பந்தியே இதற்கு விடை கண்டார். அவர் கையாண்ட திரவத்தின் பெயர் குளுற்றரல்டிகைட்டு. அது தோல் பதனிடும் தொழிலிலும் பயன்படும் இரசாயனப் பொருள். தோலிலுள்ள கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமலும் சுருங்காமலும் செய்வதே பதனிடுதலின் சாரம். தமிழ்நாட்டிற் காலங்காலமாக ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்ட தொழிலாளர் தம் கையறிவாற் செய்ததையே, பரிஸ் வைத்தியர் இரசாயனத்தாற் செய்தார். 1971 முதல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாரியன் அயோனெஸ்கு, மாட்டின் இருதய உறையை இவ்வாறே பதனிட்டு, அதிலிருந்து இதழ்களை வெட்டி வால்வு செய்தார். ஸ்ராருக்கும் கார்ப்பந்தியேக்கும் 2007இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

பதனிட்ட இழையம் அழுகாது. எனினும் அது இறந்த இழையம். உயிருள்ள கலம் தன்னுள் நுழையும் கல்சியத்தை இடைவிடாது வெளியேற்றிக்கொண்டிருக்கும். இறந்த கலத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. உள்ளே புகுந்த கல்சியம், கலமென்சவ்வுகளில் எஞ்சியிருக்கும் பொசுபரசுடன் சேர்ந்து படிகமாகிறது. பதனிட்ட இரசாயனத்தின் எச்சமும் இதற்குத் துணைபோகிறது. ஆண்டுகள் செல்ல, பட்டுப்போல் நெகிழ்ந்த இதழ் சுண்ணாம்புத் தகடாக இறுகிக் கிழிகிறது. இளமையான உடலில் எலும்பு வளர்கிறது. கல்சியத்தின் நடமாட்டம் அதிகம். அந்நியப் பொருளை எதிர்க்கும் வலிமையும் அதிகம். அதனால் எழுபது வயதுக்காரரின் உடலில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடிய அதே வால்வு, இருபது வயதுடையோரின் உடலிற் பத்தாண்டைக் காண்பதே அரிதாகிவிடுகிறது. குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளே. நோயாளியின் உயிர்த்துடிப்பே வால்வின் எதிரியாகிவிடும் விபரீதத்தை இங்கே காண்கிறோம்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி: வால்வு தேவைப்படும் முதியவர் யார், இளையவர் யார்? செல்வந்த நாடுகளில் வால்வு மாற்றப்படுவோரிற் பெரும்பாலார் முதுமையால் வால்வு இறுகிப்போனவர்கள். வறிய நாடுகளில் வால்வைக் கெடுப்பது மூட்டுவாதக் காய்ச்சல். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தொண்டை நோகிறது. ஒருவகை பற்றீரியா அதற்குக் காரணமாயிருந்து, அதற்குரிய மருந்து கொடுபடாவிட்டால், சில பிள்ளைகளில் இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். அந்தப் பற்றீரியாவை எதிர்க்க எழுந்த உடலின் படை, தன் சொந்த இருதயத்தையே தாக்குகிறது. மூட்டு வீக்கம் வற்றிவிடும். வால்வின் வடு வற்றாது. நெருக்கமான குடியிருப்பு, ஒரே அறையிற் பலர் உறங்குதல், வைத்தியரை நாட இயலாமை ஆகியவையே இந்நோயின் விளைநிலம். உலகில் ஏறக்குறைய 5.5 கோடி மக்கள் இந்த இருதய நோயுடன் வாழ்கின்றனர் என்றும், ஆண்டுதோறும் 3,60,000 பேர் இதனால் மடிகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களிற் பெரும்பாலார் வறிய, நடுத்தர வருமான நாடுகளின் மக்கள்.

நமது அயலில் வாழும் ஒரு பெண்ணின் கதையை இங்கு கூறுவது பொருந்தும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு அவளுடைய குடும்பமும் தங்கியது. அங்கேதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, முழங்கால் வீங்கியது, நல்லெண்ணெய் தடவினார்கள், வீக்கம் வற்றியது. 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடையில் மருந்துகளும் அகப்பட்டிருந்த காலம் அது. தொண்டை நோவைப் பற்றிக் கவலைப்பட அந்நாளில் எவருக்கும் அவகாசமில்லை. வளர்ந்தபின் படியேறினால் மூச்சு வாங்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதால் கொழும்புப் பயணமும் தள்ளிப்போயிற்று. வீதி திறந்தபின், அவளது இருபத்து மூன்றாம் வயதிற் கொழும்பிற் சத்திரசிகிச்சை நடந்தது.

வைத்தியர் அவளிடம் இரண்டு வழிகளைக் கூறினார். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் வோபரின் கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு செய்யும், மகப்பேறு ஆபத்தானது. மாட்டின் இழையத்தால் ஆன வால்வு அத்தனை காலம் உழைக்காது, ஆனால் அந்த மருந்து ஆயுள் முழுவதும் தேவைப்படாது, பிள்ளை பெறலாம். அவளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். அவள் மாட்டு வால்வைத் தேர்ந்தாள். அதனைத் தேர்வு என்று சொல்வதா என நாம் பலமுறை யோசித்ததுண்டு. தாய்மை ஒரு தட்டிலும் தன் ஆயுள் மறுதட்டிலுமாகத் தராசைப் பிடிக்கும்படி ஓர் இளம்பெண்ணிடம் சொல்லும் நிலை அது.

அவளுடைய அப்பாச்சி வைதீகமான பழைய மனுஷி. வீட்டில் மச்சம் சமைத்தறியாதவர். இழவு வீட்டுக்குப் பறைமேளம் கொண்டுவருவோர் நின்ற இடத்துக்கு மஞ்சள் நீர் தெளித்த காலத்தவர். பேர்த்தியைப் பார்க்க நாம் சென்றிருந்தபோது அவர் தாழ்ந்த குரலிற் கேட்டார்: "உண்மையோ தம்பி, மாட்டின்ரை தோலோ உள்ளுக்கை வைச்சிருக்கினம்?" ஆமென்றோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பிள்ளை பிழைச்சாக் காணும்" என்றார். அந்த வாக்கியத்தில் இருந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் நமது சமூகத்தின் நீண்ட பொய்யொன்று அந்தக் கணத்தில் உடைந்ததையும் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

செத்த மாட்டை அப்புறப்படுத்தியவனையும், அதன் தோலைப் பதனிட்டவனையும், அத்தோலிற் பறை கட்டி அடித்தவனையும் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய சமூகம் இது. தேநீர்க் கடையில் அவனுக்கு வேறு பேணி. கோயிலில் அவனுக்கு வெளிவீதி. இதனைத் தடுக்க 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் போராட்டம் மூண்டது. தோலைத் தொட்ட கை தீட்டென்று சொன்னவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பதனிட்ட மாட்டிழையத்தைத் தம் இருதயத்தின் நடுவிலே ஏந்தி, அதனோடு கருவறையின் முன் நின்று கைகூப்புகின்றனர். அவர்கள் நன்றாக வாழட்டும்! ஆனால் அந்த விலங்கின் தோலைத் தம் கையறிவால் அழியாப் பொருளாக்கிய மனிதரை இழிவுபடுத்தும் சொற்கள் இந்தக் குடாநாட்டில் இன்னும் வழக்கொழியவில்லை. திருமணப் பேச்சிலே அவை இன்றும் ஒலிக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2019இல் அவளுடைய வால்வு இறுகிவிட்டது. முப்பத்து மூன்றாம் வயதில் இரண்டாவது முறை நெஞ்சு திறக்கப்பட்டு உலோக வால்வு வைக்கப்பட்டது. இப்போது அவள் வோபரின் உண்கிறாள். ஒழுங்காகக் குருதிப் பரிசோதனைக்குப் போகிறாள். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியபோது, ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி எண்ணி வைத்தாள். நகர்ப்புறத்தில் வாழும் அவள் பாடு இவ்வாறெனின், பரிசோதனைக்காக நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வருவோரின் பாடு எத்தகையது!

விஞ்ஞானம் இதற்கு என்ன செய்கிறது? கல்சியம் படியாவண்ணம் இழையத்தைப் பக்குவப்படுத்தும் புதிய முறைகள் வந்துள்ளன. கலங்களை முற்றாக நீக்கி வெறும் கொலாஜனை மட்டும் எடுக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2002இல் பிரான்சின் றூவன் நகரில் அலன் கிறிபியே, நெஞ்சைத் திறவாமல் குருதிக்குழாய் வழியே வால்வைச் செலுத்திப் பொருத்தினார். பெரும் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வால்வுகள் முதன்மையாக முதியோரின் இறுகிய வால்வுக்கெனவே வடிவமைக்கப்பட்டன. பணம் எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளி எத்தகையவரோ, அத்தகையவருக்கேற்பப் பொருள் உருவாகிறது. முதியவரின் உடலில் உழைத்தாற் போதுமென்று சந்தை திருப்தியடையும்போது, இருபது வயதுப் பெண்ணின் உடலில் நாற்பது ஆண்டு உழைக்கும் இழையத்தைத் தேட அவசரம் எவருக்கு?

இவ்விதி மாற்ற இயலாததன்று என்பதற்கு அண்டை நாட்டிலே ஓர் உதாரணம் உண்டு. இறக்குமதி வால்வின் விலையை இந்திய ஏழைகள் தாங்கமாட்டார்கள் என்று கண்ட வைத்தியர் வலியத்தான், திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், அரசாங்கத்தின் ஆதரவோடு உள்நாட்டிலேயே ஓர் இயந்திர வால்வை உருவாக்க முனைந்தார். அடுத்தடுத்து மாதிரிகள் தோல்வியுற்றன. மனந்தளராது உழைத்து, உயர்தரப் பொலித்தீன் தட்டுச் சாய்ந்து திறக்கும் வால்வொன்றை அவர்கள் ஆக்கி, 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். மக்களின் தேவையிலிருந்து புறப்படும் விஞ்ஞானம் எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு அது சான்று. பதனிட்ட இழையத்திலும் அத்தகைய முயற்சி வேண்டும் என்று கோருவது பேராசையாகாது.

இதனினும் அவசரமான உண்மை ஒன்றுண்டு. மூட்டுவாதக் காய்ச்சலாற் கெட்ட வால்வுகளைப் பொறுத்தவரை, இந்தச் சத்திரசிகிச்சை எல்லாம் தடுத்திருக்கக்கூடிய துன்பத்தின் கடைசி அத்தியாயமே. பற்றீரியாவால் வந்த தொண்டை நோவுக்குப் பெனிசிலின் போதும். ஒருமுறை மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீண்டகாலப் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் ஒழுங்காகப் போட்டுவந்தால், நோய் மீண்டும் மீண்டும் வந்து இருதயத்தைச் சிதைப்பதைத் தடுக்கலாம். இந்த மருந்து 1950களிலேயே உலகுக்குக் கிடைத்துவிட்டது. உலக சுகாதாரப் பேரவை இந்நோய்க்கெதிரான தீர்மானத்தை நிறைவேற்றியதோ 2018இல். விலை மலிந்த மருந்தொன்றுக்கும் அதனை வேண்டிநின்ற பிள்ளைகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம் இருந்திருக்கிறது. செல்வந்த நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய மறைந்துபோனதற்கு நல்ல வீடும், நெருக்கமற்ற வாழ்வும், கைக்கெட்டும் மருத்துவமுமே காரணம்.

இவ்விடத்திலேதான் இந்த ஏட்டைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் பேச விரும்புகிறோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். மக்கள் தம் உடலைத் தம் மொழியில் அறியவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. இருகூர் வால்வின் படத்தை வரைந்து பெயர் குறிக்கக் கற்பிக்கும் அதே பாடவேளையில், அவ்வால்வு எவ்வாறு கெடுகிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கெடுகிறது, அதனை எவ்வாறு காக்கலாம் என்பதையும் நாம் கற்பிக்க வேண்டாமா? தொண்டை நோவென்று வந்து, சில வாரங்களின் பின் காய்ச்சலோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டும் பிள்ளையை முதலிற் காணக்கூடியவர் வகுப்பாசிரியர். அவர் அப்பிள்ளையின் தாயிடம் "எண்ணெய் தடவுவதோடு நிற்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்" என்று சொல்வாராயின், ஒரு நெஞ்சு பிளக்கப்படாமற் போகலாம். ஊசிக்குரிய நாளில் பாடசாலைக்கு வராத பிள்ளையை, வரவு குறையுமென்று கடிந்துகொள்ளாமல், ஊசி போட்டாயா என்று கேட்பதும் ஆசிரியப் பணியே.

அத்தோடு, குடிசைகளில் நெருங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்கு வீடு கேட்பதும், கிராமத்து மருந்தகத்திற் பெனிசிலின் எந்நாளும் இருக்க வேண்டுமெனக் கோருவதும், இலவச மருத்துவத்தைத் தேய்த்தழிக்கும் முயற்சிகளை எதிர்ப்பதும் நம் எல்லோரின் கடமை. நாம் குறிப்பிட்ட பெண்ணின் மகள் இப்போது பாடசாலைக்குச் செல்கிறாள். மூட்டுவாதக் காய்ச்சல் மிகுதியாகத் தாக்கும் வயது அது. அவளுக்குத் தொண்டை நொந்தால், தாய் அன்றைக்கே அவளை வைத்தியரிடம் கொண்டுபோகிறாள். அந்த அறிவு அந்தத் தாய்க்கு இரண்டு சத்திரசிகிச்சைகளின் விலையிற் கிடைத்தது. ஏனைய தாய்மார்க்கு அது விலையின்றிக் கிடைக்க வேண்டும்.